ஜி பிளஸ்: கணக்கில் சேராத தளத்தின் பயணம்

துபாயிலோ ஷார்ஜாவிலோ புதிதாக ஒரு கட்டடம் எழும்பத் தொடங்கினால், வேலியோரம் முதலில் ஒரு பலகை வந்து நிற்கும். மனை எண், உரிமையாளர், கன்சல்டன்ட், கான்ட்ராக்டர் எல்லாம் அதில் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கூடவே ஒரு கூட்டல் கணக்கும் இருக்கும்: பி + ஜி + 4பி + 22 + ஆர். கட்டடம் எத்தனை மாடி என்று கேட்பவருக்கு வளைகுடாவில் கிடைக்கும் பதில் இந்தக் கணக்குதான். 22 என்று சொன்னால் பாதி உண்மை, 28 என்று சொன்னால் ஊரில் யாருக்கும் புரியாது.

முதல் பி பேஸ்மென்ட், அதாவது மண்ணுக்குள் இருப்பது. அடுத்த பி போடியம், கார் நிறுத்த மண்ணுக்கு மேலே கட்டியது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. அரபிக்காரர்களுக்கும் இதே சங்கடம் உண்டு; அவர்களுடைய நெடுங்கணக்கில் வல்லினப் பகரத்துக்குத் தனி எழுத்து கிடையாது. ஆர் என்பது ரூஃப், மொட்டை மாடி. இவற்றுக்கு நடுவே எண்ணாகவும் இல்லாமல் கூட்டலுக்கு வெளியேயும் போகாமல் உட்கார்ந்திருக்கிறது ஜி. கிரவுண்ட் ஃப்ளோர். நாம் காலால் மிதித்து நுழையும் முதல் தளம் அதுதான், ஆனால் அதற்கு ஒன்று என்ற எண்ணைத் தரமாட்டார்கள். இந்த ஜி எங்கிருந்து கிளம்பி, யார் கையைப் பிடித்துக்கொண்டு வளைகுடாவுக்கு வந்து, அங்கிருந்து கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் எப்படிப் போனது என்பது தனிக் கதை.

பிறந்த இடம் இங்கிலாந்து. 18-ஆம் நூற்றாண்டு லண்டன் கனவான் வீடுகளில் சமையலும் வேலைக்காரர்களும் நிலவறையில் இருந்தார்கள். தெருவுக்குச் சமமான தளத்தில் சாப்பாட்டு அறை போன்றவை இருந்தன. விருந்தாளிகளை உட்காரவைக்கும் பெரிய கூடம் அதற்கு மேலே. மரியாதைக்குரிய அந்த மேல்தளம்தான் அவர்களுக்கு ஒன்று. அட்லாண்டிக்கைக் கடந்துபோன அமெரிக்கர்கள் இந்த நுணுக்கத்தை ஒதுக்கிவிட்டுக் கால் படும் தளத்தையே ஒன்று என்றார்கள். ஐரோப்பாவின் பல லிஃப்டுகளில் அதே தளத்துக்கு 0 என்று பொத்தான் இருக்கும். பிரிட்டிஷாரே ஆண்ட சிங்கப்பூர் இதில் மட்டும் வேறு வழியில் போனது. அங்கே அரசு அடுக்குமாடி வீட்டு முகவரியில் தரைத்தளம் 01. தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்கு சிங்கப்பூரில் ஒரு தம்பியும் ஷார்ஜாவில் ஒரு தம்பியும் இருந்து, இருவரும் ‘மூணாவது மாடி’ என்று முகவரி கொடுத்தால், ஒருவர் வீட்டுக்கு ஏற வேண்டியதைவிட இன்னொருவர் வீட்டுக்கு ஒரு மாடி கூடுதலாக ஏற வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் பிரிட்டிஷ் கணக்கு சிக்கலே இல்லாமல் ஒட்டிக்கொண்டது. அதற்கு ஆட்சி மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் மாடி என்றாலே மேலே இருப்பது. ‘மாடியில இருக்காங்க’ என்றால் ஏறித்தான் பார்க்க வேண்டும். மாடி வீடு, மச்சு வீடு, தெற்கே மெத்தை வீடு என்று எதைச் சொன்னாலும் தரையில் இருப்பது வீடு, அதன் தலையில் இருப்பதுதான் மாடி. எண்ணத் தொடங்குவதே ஏறத் தொடங்கிய பிறகு. சென்னை அண்ணா சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் ஆவணங்களில் 15 தளம். ஊர் வாயில் அது என்றைக்கும் ‘பதினாலு மாடி’ தான். தரையை மாடியாக எண்ணாத வாய்க்குப் பதினாலுதான் வரும்.

அரபியும் அப்படியே. தரைத்தளம் ‘அர்ழி’, மண்ணைச் சேர்ந்தது. அதற்கு மேலே இருப்பதே ‘அவ்வல்’, முதலாவது. ஆகவே பிரிட்டிஷ் எஞ்சினியர்கள் வளைகுடாவில் வந்து இறங்கியபோது உள்ளூர்க்காரர்களும் சரி, கட்ட வந்த இந்தியர்களும் சரி, ஜி-யைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. ஜான் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் துபாய் நகரத்துக்கு முதல் வரைவுத் திட்டம் தந்தது 1960-இல். அன்றைக்கு அது ஈச்ச ஓலை வீடுகளும், பவளக்கல்லில் கட்டிய காற்றுக்கோபுர வீடுகளும் கழிமுகத்தின் இரு கரைகளில் நெருங்கியிருந்த ஊர். செலாவணியும் இந்திய ரிசர்வ் வங்கி அச்சிட்ட ரூபாய்தான். அதே ஹாரிஸ் வடிவமைத்த 39 மாடி வர்த்தக மையக் கோபுரத்தை 1979-இல் எலிசபெத் ராணி வந்து திறந்துவைத்தார். சுற்றிலும் மணல் மட்டுமே இருந்த இடத்தில் அப்படி ஒரு கோபுரம் நின்ற படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. 100 திர்ஹாம் நோட்டிலும் அது ஏறியது.

பக்கத்து நாடான சவுதியில் எண்ணெய் தோண்ட வந்தவர்கள் அமெரிக்கர்கள். அதனால் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பிரிட்டிஷ் நிழலில் வளர்ந்த துபாயிலும் கத்தாரிலும் 50. சவுதியின் கட்டட விதித்தொகுப்பு அமெரிக்கத் தொகுப்பைத் தழுவியது. ஒரே பாலைவனம்தான், ஆனால் எந்தக் கப்பல் முதலில் கரைதட்டியதோ அதன் அளவுகோல் அந்தக் கரையில் தங்கிவிட்டது.

ஜி-க்கு வளைகுடாவில் கிடைத்த புது வாழ்வு 1970-களுக்குப் பிறகு துபாயின் தேரா, கராமா, பர் துபாய்ப் பகுதிகளில் எழுந்த கட்டடங்களில் தொடங்குகிறது. கீழே கடை. சரக்கு வைக்கக் கடைக்குள்ளேயே உயரத்தில் ஓர் அரைத்தளம், மெசனின். இத்தாலியில் பிறந்த அந்தச் சொல்லைப் பரமக்குடியிலிருந்து வந்த கடைப் பையன் முதல் வாரத்திலேயே சொல்லப் பழகிவிடுவான், ஏனென்றால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நாளெல்லாம் ஏறி இறங்குவது அங்கேதான். இப்போது கட்டடம் ஜி + எம் + 4 ஆகிவிட்டது. மெசனினுக்கும் எண் கிடையாது. மூன்றாவது மாடியில் பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டில் இடம் மட்டும், வாடகைக்கு எடுத்திருப்பவர், லிஃப்ட் பழுதான நாளில் ஏறுவது நான்கு மாடி. பிறகு கார்கள் பெருகின. கடற்கரை மணலில் ஆழமாகத் தோண்டினால் உப்புநீர் ஊறுகிறது, செலவு கூடுகிறது. கார்களை மேலே ஏற்றினார்கள், போடியம் வந்தது. ஜி + 4பி + 22 கட்டடத்தில் 101 என்று கதவில் எழுதிய வீட்டின் பால்கனியில் நின்று குனிந்தால் கீழே ஐந்து தளத்து ஆழம் தெரியும். அமெரிக்கக் கணக்கில் அது ஆறாவது மாடி. போடியத்தையும் சேர்த்துத் தொடர்ச்சியாக எண்ணும் கோபுரங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே முதல் வீடே 501. வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் எண்ணைக் கேட்பதோடு நிறுத்தாமல் ஜன்னலையும் திறந்து பார்ப்பது நல்லது.

சைட்டுக்குள் நுழைந்தால் படி, அடுக்கு, தளம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் எல்லாமே இரட்டை வேடம் போடுகின்றன. தமிழர், மலையாளி, பாகிஸ்தானி, வங்காளி, எகிப்தியர், பிலிப்பினோ என்று எல்லோரும் பேசியாக வேண்டிய இடம் அது. இந்தி தெரியாமல் விமானம் ஏறியவர் ஆறு மாதத்தில் ‘ஊப்பர்’, ‘நீச்சே’ என்று சத்தம் போடுவார். ஆனால் வரைபடம் ஆங்கிலத்தில்தான் வரும், அதில் உள்ள சொல்லை ஒவ்வொரு தொழில்காரரும் தன் தொழிலின் காதால் கேட்பார்.

லெவல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். நம் கொத்தனாருக்கு லெவல் என்றால் மட்டம். ரசமட்டம் வைத்தோ தண்ணீர் ட்யூப் பிடித்தோ பார்ப்பது. வளைகுடா வரைபடத்தில் லெவல் 3 என்றால் மூன்றாம் தளம். அதே தாளில் கொஞ்சம் தள்ளி +13.50 என்று எழுதியிருப்பதும் லெவல்தான், அது உயரம். தளத்தின் கான்கிரீட் முகத்துக்கு ஓர் உயரம், டைல்ஸ் போட்டு முடித்த முகத்துக்கு வேறு உயரம், இரண்டும் லெவல். ‘லெவல் த்ரீல லெவல் பாத்தாச்சா?’ என்று ஃபோர்மேன் கேட்பது சைட்டில் அன்றாடம் காதில் விழும் வாக்கியம். அதில் யாரும் குழம்புவதில்லை. குழப்பம் வருவது பூஜ்யத்தில். கட்டட வரைபடத்தின் ±0.00 என்பது பெரும்பாலும் அந்தக் கட்டடத்தின் தரைத்தள முகம். நகராட்சி சாலைக்கும் சாக்கடைக்கும் வைத்திருக்கும் பூஜ்யம் வேறு, துபாய் நகராட்சி தனக்கென்று வகுத்த மட்டம் அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிக்காமல் விட்டால் சாக்கடைக் குழாய் ஓடவேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் சாயும். சர்வேயர் என்று ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதே இந்தப் பூஜ்யங்களை ஒன்றோடொன்று பேசவைக்கத்தான்.

லிஃப்ட் என்றால் ஊரில் ஆள் ஏற்றும் பெட்டி. சாரம் கட்டுபவருக்கு லிஃப்ட் என்பது ஒரு பலகைத் தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் உள்ள உயரம், ஏறக்குறைய இரண்டு மீட்டர். கான்கிரீட் போடுபவருக்கு லிஃப்ட் என்பது சுவரில் ஒரே மூச்சில் நிரப்பும் உயரம். ஆக, லிஃப்ட் கிணற்றுச் சுவரை மூன்று லிஃப்டாகப் போடலாம், அதற்குச் சாரம் ஐந்து லிஃப்ட் வேண்டியிருக்கலாம்.

கோர்ஸ் என்பது பிளாக் கட்டுபவருக்கு ஒரு வரி. நம் ஆட்கள் அதை இன்னும் வரி என்றே சொல்கிறார்கள். எத்தனை வரி வைத்தாய் என்று கேட்டுத்தான் மாலையில் வேலையை அளக்கிறார்கள். சுவரை விட்டுச் சாலைப் பக்கம் போனால் அதே கோர்ஸ் ஒரு முழு அடுக்கு. சரளைக்கு மேல் பேஸ் கோர்ஸ், அதற்கும் மேலே சக்கரம் படும் தார் வேரிங் கோர்ஸ். லேயரும் அப்படித்தான் ஆளுக்கு ஆள் மாறும். மண் நிரப்புபவருக்கு லேயர் என்பது ரோலர் ஓட்டி இறுக்கிய ஒரு படுகை. பெயின்டருக்கு அது லேயர் அல்ல, கோட். மொட்டை மாடியில் ‘காம்போ ரூஃப்’ போடுபவருக்கு நுரை, காரை, தார்த்துணி என்று வரும் ஒவ்வொன்றும் லேயர், அதில் எது முதலில் எது பிறகு என்பதில்தான் அவருடைய பத்து வருட உத்தரவாதம் தொங்குகிறது. ஏ.சி. அறையில் ஆட்டோகேட் முன்னால் உட்கார்ந்திருக்கும் டிராஃப்ட்ஸ்மேனுக்கோ லேயருக்குக் கனமே கிடையாது. சுவர் ஒரு லேயர், மின்கம்பி ஒரு லேயர், குழாய் ஒரு லேயர். வேண்டாதபோது ‘ஆஃப்’ பண்ணிவிடலாம். ஒரு காலத்தில் ஒளி ஊடுருவும் தாள்களில் தனித்தனியாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்த பழக்கத்தின் மிச்சம் அது. லேயரை அணைத்துவிட்டு அச்செடுத்த வரைபடம் சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அதில் இல்லாத குழாய்க்காகப் பிறகு போட்ட கான்கிரீட்டை வெட்ட வேண்டிவரும்.

ஸ்டேஜ் என்றால் நம் ஊர்ப் பேருந்தில் கட்டணம் மாறும் நிறுத்தம். சைட்டில் பணம் பட்டுவாடா ஆகும் கட்டமும் ஸ்டேஜ். இந்திய எஞ்சினியர் ‘ஸ்டேஜிங்’ என்றால் தளத்துக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் சாரம். பிரிட்டிஷ் கன்சல்டன்டுக்கு அது வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் ஏற்பாடு. கிரேடு என்பது அமெரிக்கருக்குத் தரைமட்டம், கான்கிரீட் ஆளுக்கு வலிமை: நம் ஊரில் எம்25, அங்கே சி40. படிக்கட்டில் ஒரு திருப்பத்துக்கும் அடுத்த திருப்பத்துக்கும் நடுவே உள்ள படிவரிசைக்கு ஃப்ளைட் என்று பெயர். ஊருக்குப் போகும் தேதியை எண்ணிக்கொண்டிருப்பவர் காதில் அந்தச் சொல் வேறு எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வரிசையில் ஆங்கிலம் அல்லாத ஒரு சொல்லையும் சேர்த்தாக வேண்டும், வளைகுடாவில் அதைத் தவிர்க்க முடியாது. மன்ஸில். அரபியில் அது வீடு, தங்குமிடம். ஒட்டகக் கூட்டம் ஒரு நாள் நடந்துபோய் இறங்கும் இடம் என்ற பொருளோடு பாரசீகம் வழியாக உருதுக்கும் இந்திக்கும் வந்து, அங்கே கட்டடத்தின் மாடியாகிவிட்டது. ‘தீஸ்ரீ மன்ஸில்’ என்றால் மூன்றாம் மாடி. இந்தி பேசும் ஃபோர்மேன் மன்ஸில் என்கிறபோது ஒரு தளம் கேட்கிறது, அரபு உரிமையாளர் சொன்னால் முழு வீடும் கேட்கிறது. கீழக்கரைக்காரருக்கு மூன்றாவதாக ஒன்றும் கேட்கும்: ஊரில் தன் வீட்டு வாசலில் தாயார் பெயரோடு சேர்த்துப் பொறித்துவைத்திருக்கும் ‘மன்ஸில்’. மாடியே இல்லாத ஓட்டு வீட்டுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

எண்ணிக்கைக்கே சவால் விட்ட கட்டடம் புர்ஜ் கலீஃபா. 2004-இல் தோண்டத் தொடங்கி 2010 ஜனவரி 4-இல் திறந்தார்கள். உயரம் 828 மீட்டர். எத்தனை மாடி? வழக்கமான பதில் 163. ஆனால் கான்கிரீட் 156-ஆம் தளத்தோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேலே இரும்பு. 606 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட்டைப் பம்ப் செய்தது அன்றைக்கு உலக சாதனை. கோடையில் வெயிலுக்குப் பயந்து இரவில், கலவையில் ஐஸ் சேர்த்துப் போட்டார்கள். படிக்கட்டுக் கணக்கு சொல்பவர்கள் 160-ஆம் தளம் வரை 2,909 படி என்பார்கள். கூம்புக்குள் பராமரிப்புக்கென்று இன்னும் 46 தட்டுகள் இருக்கின்றன, அவை மாடியாகவே எண்ணப்படுவதில்லை. உயரக் கட்டடங்களை அளந்து பட்டியலிடும் சிகாகோ மன்றம் ஒன்று 2013-இல் வேறொரு கணக்கைப் போட்டது: ஆள் புழங்கும் கடைசித் தளத்துக்கு மேலே கட்டடம் எவ்வளவு நீள்கிறது? புர்ஜ் கலீஃபாவில் 244 மீட்டர், மொத்தத்தில் 29 சதவீதம். பாய்மர வடிவிலான புர்ஜ் அல் அரபில் 39 சதவீதம். இந்த வீண் உயரத்துக்கு அவர்கள் சூட்டிய பெயரிலேயே தற்பெருமை என்ற பொருள் இருந்தது. துபாய் அதைப் பழியாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மாடி எண் நேரத்தையே மாற்றிய இடமும் அதுதான். உயரே இருப்பவருக்கு அடிவானம் தாழ்கிறது, சூரியன் பிந்தி மறைகிறது. 2011 ரமலானில் துபாயின் மார்க்கத் துறை விளக்கம் ஒன்று கொடுத்தது: 80-ஆம் மாடிக்கு மேலே இருப்பவர்கள் நோன்பு திறக்க இரண்டு நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், 150-க்கு மேலே மூன்று நிமிடம். கீழே பள்ளிவாசலில் பாங்கு சொல்லி, தேராவில் நோன்புக் கஞ்சியும் பேரீச்சையும் கைக்கு வந்த பிறகும், அதே ஊரில் அதே நேரத்தில் மேலே பகல் மிச்சமிருக்கிறது. ஹோட்டல்களில் 13-ஐ விட்டுவிட்டு 14 என்று தாவுவது, நல்ல எண்ணுக்குக் கூடுதல் விலை வைப்பது போன்ற விற்பனைத் தந்திரங்களை எல்லா ஊர்களிலும் பார்க்கலாம். மாடி எண்ணை நம்பி மார்க்க அறிஞர்கள் சூரியனைக் கணித்தது இங்கேதான்.

தீயணைப்புத் துறை மாடி எண்ணை நம்புவதில்லை. எமிரேட்ஸின் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு அமெரிக்க விதிகளின் சாயலில் எழுதப்பட்டது. அதற்கு வேண்டியது மீட்டர். 15 மீட்டர் வரை தாழ்ந்த கட்டடம், 23 வரை நடுத்தரம், 23-க்கு மேல் உயரக் கட்டடம், 90-ஐத் தாண்டினால் அதியுயரம். அந்த 23 வந்த வழி, தீயணைப்பு வண்டியின் ஏணி எட்டும் தூரம். எங்கிருந்து அளப்பது? வண்டி வந்து நிற்கக்கூடிய தாழ்ந்த இடத்திலிருந்து. ஜி எதுவாக இருந்தாலும், போடியத்துக்கு எண் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், தீயணைப்பு வீரனின் பூஜ்யம் அவன் வண்டியின் சக்கரம் நிற்கும் இடம். படிக்கட்டின் ஒரு படிகூட 180 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மிதிக்கும் அகலம் 280-க்குக் குறையக்கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன. நம் இந்திய விதியில் வீடுகளுக்கு 190-உம் 250-உம் போதும். துபாயிலிருந்து விடுமுறைக்கு வருகிறவருக்கு ஊர் வீட்டுப் படி கொஞ்சம் செங்குத்தாகப் படுவதற்கு வயது மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

லேயர் என்ற சொல் எவ்வளவு ஆபத்தானதாக முடியும் என்பதையும் துபாய் பார்த்தது. கோபுரங்களின் வெளிமுகத்தில் ஒட்டும் அலுமினியப் பலகை வெறும் நான்கு மில்லிமீட்டர் தடிமன். இரு பக்கமும் தாள் போன்ற அலுமினியம், நடுவில் பாலிஎத்திலீன். விலைப்பட்டியலில் எல்லோரும் பார்ப்பது வெளி லேயரின் நிறம். எரிவது நடு லேயர். 2015 பிப்ரவரியில் துபாய் மெரினாவில் டார்ச் கோபுரம் எரிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு வாணவேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்தின் கண்ணெதிரே அட்ரஸ் டவுன்டவுன் ஹோட்டல் பற்றிக்கொண்டது. 2017 ஆகஸ்டில் டார்ச் மறுபடியும் எரிந்தது. இடையில் அதே ஆண்டு ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் இதே வகைப் பலகையால் பரவிய தீயில் 72 பேர் இறந்தார்கள். வெளிமுகப் பலகையைப் பற்றிய விதிகளை எமிரேட்ஸ் இறுக்கியது. நம் ஊரில் ‘ஏ.சி.பி. ஷீட்’ என்ற பெயரில் நகைக்கடை, ஜவுளிக்கடை முகப்பெல்லாம் மின்னுவது இந்தக் குடும்பத்துச் சரக்குதான். நடு லேயர் என்ன என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் குறைவு.

இந்தத் தளங்களை எல்லாம் போடுகிறவர்களையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எமிரேட்ஸின் மனிதவள அமைச்சகம் வேலைகளை ஒன்பது திறன் நிலைகளாகப் பிரிக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டை ஒட்டிய பிரிவு அது. இங்கே எண்ணிக்கை மேலிருந்து கீழே வருகிறது. மேலாளர் 1, எஞ்சினியர் 2, கொத்தனார் 7, கிரேன் ஓட்டுநர் 8, ஹெல்பர் 9. 156-ஆம் தளத்தில் பம்ப் குழாயைப் பிடித்து நிற்பவர் ஒன்பதாம் நிலையிலும், தரைத்தள அலுவலகத்தில் கையெழுத்துப் போடுபவர் முதல் நிலையிலும் இருப்பது இப்படித்தான். முதல் ஐந்து நிலைகள் மட்டுமே ‘திறன் பெற்றவர்’ கணக்கில் வரும். ஒரு வரி பிளாக்கை நூல் பிடித்தது போல் நேராக வைப்பது எவ்வளவு திறன் என்று செய்து பார்த்தவருக்குத் தெரியும், பட்டியல் போட்டவர்கள் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

மாடிக் கணக்கில் சென்டரிங் ஆட்களுக்குத் தனி முறை உண்டு. அவர்கள் எம், பி, ஜி எதையும் பார்ப்பதில்லை. போட்ட தளத்தை மட்டும் எண்ணுவார்கள். பலகையில் பார்த்த பி + ஜி + 4பி + 22 + ஆர் கட்டடத்தில் பேஸ்மென்டின் அடித்தளத்தை விட்டுவிட்டால், முட்டுக்கொடுத்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றிய தளங்கள் மொத்தம் 28. பேஸ்மென்டின் கூரையாக இருக்கும் ஜி-தான் அவர்களுக்கு முதல் தளம். அந்தக் கட்டடத்தில் ஜி-க்கு ஒன்று என்ற எண்ணைக் கொடுப்பவர்கள் அவர்கள் மட்டுமே.

அந்த ஆட்கள் அனுப்பிய பணத்தோடு ஜி ஊருக்கும் வந்தது. ராமநாதபுரம், தஞ்சாவூர்க் கடலோரங்களில் ‘ஜி பிளஸ் ஒன்’ என்று இன்றைக்கு மேஸ்திரியே சொல்கிறார். முதல் ஒப்பந்தப் பணத்தில் தரைத்தளம் முடியும். தூண் கம்பிகளை மொட்டை மாடிக்கு மேலே மூன்றடி நீட்டி விட்டுவைப்பார்கள். அடுத்த ஒப்பந்தமோ மகனின் விசாவோ வந்தால் அந்தக் கம்பியில் அடுத்த தளம் ஏறும். வராவிட்டால் கம்பி துருவேறி நிற்கும். துபாயில் பிளஸ்ஸுக்குப் பிறகு வரும் எண்ணுக்கு முன்பே அனுமதி வாங்கியாக வேண்டும், அதை மாற்றினால் அபராதம். கீழக்கரையில் பிளஸ்ஸைப் போட்டுவிட்டு எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

சென்னையில் இப்போது ஜி தேய்ந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உயரக் கட்டடத்தின் எல்லையை 18.30 மீட்டரில் வைத்தன. அந்த எல்லைக்குள் எத்தனை வீடு அடக்கலாம் என்று பில்டர்கள் கணக்குப் போட்டபோது, தரையில் வீடு கட்டுவதைவிடத் தூண்களை மட்டும் நிறுத்திக் காருக்கு விட்டுவிடுவது லாபமாக இருந்தது. வண்டி நிறுத்தும் அந்த இடம் கட்டுமானப் பரப்பின் விகிதக் கணக்கில் சேராது. அதனால் அடையாறிலும் அண்ணா நகரிலும் விளம்பரங்கள் ‘ஸ்டில்ட் பிளஸ் ஃபோர்’, ‘ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ்’ என்று வருகின்றன. லிஃப்டில் ஜி இருந்த இடத்தில் எஸ் என்று பொத்தான் வைக்கும் கட்டடங்களும் உண்டு. வாங்கப் போகிறவர் பத்திரத்தில் ‘முதல் தளம்’ என்று எழுதியிருப்பது எந்த முதல் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய வீட்டில் முதல் தளத்துக்குக் கீழே இன்னொரு குடும்பம் இருந்தது, இப்போது கீழே இருப்பது பக்கத்து வீட்டுக்காரரின் கார்.